இணைப்பு அறுந்தது எங்கே?



ஸ்விட்ச் என்ற சொல்லைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவது சுவரிலே பதித்திருக்கும் விளக்குப் பொத்தான். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட ஸ்விட்ச் அதுவன்று. அலுவலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ ஒரு மூலையிலே, பெரும்பாலும் பீரோவின் தலைமேல், தூசி படிந்து கிடக்குமே ஒரு தட்டையான பெட்டி, அதைத்தான் சொல்லுகிறோம். அதன் முகத்தில் 5, 8, 16, 24 என்று சதுர வாய்கள் வரிசையாக இருக்கும். போர்ட் என்று அவற்றைச் சொல்லுவார்கள். ஒவ்வொரு வாயிலும் ஒரு நீலக் கம்பியோ சாம்பல் நிறக் கம்பியோ செருகியிருக்கும். பக்கத்திலே ஊசிமுனை அளவு பச்சை விளக்கு ஒன்று கண்சிமிட்டிக்கொண்டிருக்கும். அங்கிருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்றும் வெளி உலகத்தோடும் பேசுவதெல்லாம் இந்தப் பெட்டியின் வழியாகத்தான்.

பெட்டி ஒழுங்காக வேலை செய்யும்வரை அதை எவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஒரு நாள் காலையில், பணம் கட்டுவதற்கு வரிசை நின்றுகொண்டிருக்கும் வேளையிலே, எல்லாம் நின்றுவிடும். உடனே அலுவலகம் முழுவதும் ஒரே குரலாக, "ஸ்விட்ச் போய்விட்டது" என்று தீர்ப்புச் சொல்லிவிடும். இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறானது என்பதே நம் கருத்து. பெட்டி சாவது அரிது. அதற்கு மின்சாரம் ஊட்டும் அடாப்டரும், கம்பியும், கம்பியின் முனையிலுள்ள ப்ளக்கும் அதற்கு முன்பே செத்துவிடுகின்றன. ஆயினும் பழி பெட்டியின்மேல் விழுகிறது. பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் மனிதன்மேலும் விழுகிறது.

அந்த மனிதன் பல ஊர்களிலே நம்மவனாக இருக்கிறான். மும்பையிலும் தில்லியிலும் புனேயிலும் இந்தக் கம்பிகளை இழுத்துக் கட்டி, பழுது பார்த்துப் பிழைக்கும் தமிழ் இளைஞர்கள் பலர். அவர்களுக்குத் தொழில் தெரியும். பாஷைதான் சில சமயம் கைகொடுப்பதில்லை. டெலிபோனிலே ஒருவர், "பத்தீ ஜல் ரஹீ ஹை?" என்று கேட்டால், விளக்கு எரிகிறதா என்று கேட்கிறார் என்பது புரிய ஒரு கணம் ஆகும். நம் காதுக்குப் பத்தி என்றால் ஊதுபத்திதானே! அவர்கள் 'தார்' என்றால் கம்பி. நமக்கோ அது வாழைத்தார். 'டீலா' என்றால் தளர்ந்திருக்கிறது என்று பொருள். இந்த மூன்று சொற்களைக் கொண்டே பாதிப் பழுதுகளை டெலிபோனிலேயே தீர்த்துவிடலாம் என்பது நம் அனுபவம்.

பெட்டியின் பூர்வோத்தரத்தைச் சற்றே சொல்லிவிடுவோம். கம்ப்யூட்டர்களை ஒரு கம்பியிலே கோத்துப் பேசவைக்கும் ஈதர்நெட் முறை, 1973-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே ராபர்ட் மெட்காஃப் என்பவரால் உருவாக்கப்பெற்றது. முதலில் தடித்த ஒற்றைக் கம்பி. எல்லாரும் அதிலேயே பேசவேண்டும். பின்பு டெலிபோன் கம்பியைப்போன்ற முறுக்கிய கம்பிகளும், அவற்றை நடுவிலே கூட்டிவைக்கும் ஹப் என்னும் பெட்டியும் வந்தன. ஹப்புக்குப் பகுத்தறிவு கிடையாது. ஒருவன் சொன்னதை எல்லார் காதிலும் ஓதும். ஸ்விட்ச் அப்படியன்று. தபாலாபீஸிலே கடிதங்களைப் பிரித்து அறைகளிலே போடும் சார்ட்டரைப்போல, எந்தச் செய்தி எந்த வாய்க்கு உரியது என்று பார்த்து, அந்த வாய்க்கு மட்டும் அனுப்புகிறது. 1990-இலே இவ்வகை ஸ்விட்ச்சை முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்த அமெரிக்கக் கம்பெனியின் பெயர் யாது தெரியுமோ? 'கல்பனா'. அதைத் தொடங்கிய இருவருள் ஒருவர் இந்திய வமிசத்தவரான வினோத் பரத்வாஜ். தம் மனைவியின் பெயரையே கம்பெனிக்கு இட்டார். நம் தமிழிலே கற்பனை என்றாலும் அதே பொருள்தான். 1994-இல் அந்தக் கம்பெனியை ஸிஸ்கோ விலைக்கு வாங்கிக்கொண்டது.

இனி விஷயத்துக்கு வருவோம். வேலை நின்றுவிட்டது என்று சொல்லக் கேட்டவுடன் நாம் கேட்கவேண்டிய முதற் கேள்வி, நின்றது ஒருவருக்கா, எல்லாருக்குமா என்பது. இதைக் கேளாமல் கையிலே திருப்புளியை எடுப்பவன் பொழுதை வீணாக்குகிறான். எல்லாருக்கும் நின்றிருந்தால் பெட்டியின் அருகிலே போய் நின்று, ஐந்து நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு விளக்குகளை மட்டும் பார்க்கவேண்டும். ஒரு விளக்குமே எரியவில்லையானால் மின்சாரம் வரவில்லை. ப்ளக் பாயிண்டையும் அடாப்டரையும் பார்க்கவேண்டியதுதான். சில நிமிஷங்களுக்கு ஒரு முறை எல்லா விளக்குகளும் ஒன்றாக அணைந்து ஒன்றாக எரிகின்றனவா? அப்படியானால் அடாப்டர் தளர்ந்துவிட்டது. அதனுள்ளிருக்கும் கபாஸிட்டர்கள் வெப்பத்தினாலே வற்றிப்போகின்றன. சும்மா இருக்கும்போது மின்சாரம் கொடுப்பதுபோலக் காட்டி, சுமை ஏறியவுடன் தலைசாய்த்துவிடுகின்றன. மீட்டரிலே அளந்து பார்த்தால் வோல்ட் சரியாகத்தான் இருக்கும். சுமையோடு அளந்தால்தான் குட்டு வெளிப்படும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அடாப்டர்களின் முனை ஒரே வடிவாக இருக்கும். ஒன்று 5 வோல்ட், மற்றொன்று 9, இன்னொன்று 12. பொருந்துகிறதே என்று மேஜை அறையிலே கிடந்ததை எடுத்துச் செருகிப் பெட்டியைக் கருக்கியவர்கள் உண்டு. பெட்டியின் அடியிலே அச்சிட்டிருக்கும் வோல்ட்டும், நடுமுனை ப்ளஸ்ஸா மைனஸா என்ற படமும், அடாப்டரின்மேல் உள்ளதோடு ஒத்திருக்கவேண்டும். ஆம்பியர் மட்டும் அதிகமாயிருந்தால் தோஷமில்லை, குறையலாகாது.

ஒருவருக்கு மட்டும் நின்றிருந்தால் சந்தேகப்படவேண்டியவை மூன்று: அவருடைய கம்ப்யூட்டர், கம்பி, ஸ்விட்ச்சின் வாய். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்ப்பது இத்தொழிலின் உயிர்நாடி. இரண்டை ஒருங்கே மாற்றி வேலை நடந்துவிட்டால், குற்றவாளி எது என்று ஒருபோதும் தெரியாது. நல்ல பொருள் குப்பைக்குப் போகும், கெட்டது அலமாரிக்குப் போகும். முதலில் இரு முனைகளிலும் ப்ளக்கை எடுத்து, 'டிக்' என்ற ஓசை கேட்கும்படி திரும்பச் செருகவேண்டும். அந்தப் பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்திருந்தால் ப்ளக் வாயிலே நிற்பதுபோலத் தோன்றும். யாரேனும் பக்கத்திலே நாற்காலியை நகர்த்தினால் இணைப்புப் போய்விடும். அடுத்து, நன்றாக வேலை செய்கிற வேறொரு வாய்க்குக் கம்பியை மாற்றிப் பார்க்கலாம். பெரிய அலுவலகமாயின் பொறுப்பாளரைக் கேளாமல் இதைச் செய்யலாகாது. அங்கே இந்த வாய்கள் கணக்குப் பிரிவுக்கு, அந்த வாய்கள் காமிராக்களுக்கு என்று உள்ளுக்குள்ளே வகுத்திருப்பார்கள். வாய் மாறினால் விளக்கு எரியும், வேலைமட்டும் நடவாது. சில உயர்ந்த ஸ்விட்ச்சுகள் தவறு கண்டால் தாமாகவே ஒரு வாயைப் பூட்டிவிடுவதும் உண்டு. அது பழுதன்று, பூட்டைத் திறக்கச் சொல்லவேண்டும்.

மூன்றாவது சோதனைதான் நமக்கு மிகப் பிடித்தது. கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு பெட்டியின் பக்கத்திலே வந்து, கம்பெனியிலேயே முனை கட்டி வந்த ஒரு குட்டைக் கம்பியினாலே நேராகச் செருகிப் பார்ப்பது. அங்கே வேலை நடந்தால் கம்ப்யூட்டரும் நல்லது, வாயும் நல்லது. சுவருக்குள்ளே ஓடும் கம்பிதான் குற்றவாளி. இச்சோதனைக்குப் பத்து நிமிஷம் ஆகும். இதைச் செய்யாததனாலே நேர்ந்த ஒரு கதையைச் சொல்லுகிறோம்.

வடநாட்டு நகரம் ஒன்றிலே ஒரு பள்ளிக்கூடம். அலுவலகத்தைப் பின்கட்டிடத்துக்கு மாற்றினார்கள். ஸ்விட்ச்சிலிருந்து அறுபது மீட்டர் தூரம் புதுக் கம்பி இழுக்கப்பட்டது. அன்று முதல் இணைப்பு வந்து வந்து போயிற்று. பெட்டி பழையது என்று புதுப் பெட்டி வாங்கினார்கள். நிலைமை முன்னிலும் மோசமாயிற்று. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பரீட்சைப் படிவங்களை அனுப்பவேண்டிய கடைசி நாட்கள் அவை. ஒப்பந்தத்தில் வேலை பார்த்த தென்னாட்டுப் பையன், அறியாமல் எதையோ கெடுத்துவிட்டான் என்று முடிவுகட்டி, பெட்டியின் விலையை அவன் சம்பளத்திலே பிடித்துக்கொண்டார்கள். அவனுக்கு ஹிந்தியிலே வாதாடத் தெரியவில்லை. கம்பியை டெஸ்டரிலே வைத்துக் காட்டினான். ஒன்று முதல் எட்டு வரை எல்லா விளக்குகளும் வரிசையாக எரிந்தன. அதுவே அவனுக்கு எதிர்ச் சாட்சியாயிற்று. கம்பி சரியாயிருக்கிறது என்றால் வேறு யார் கெடுத்தது?

கம்பி சரியாக இல்லை; டெஸ்டருக்கு அதை அறியும் சக்தி இல்லை. அஃது எவ்வாறென்று விளக்குவோம். அந்தக் கம்பியின் உறைக்குள்ளே எட்டு மெல்லிய கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடிகளாக இருக்கின்றன: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று முழு நிறம். மற்றொன்று வெள்ளையிலே அந்நிறக் கோடு. முறுக்கு அழகுக்காக அன்று. ஒரு ஜோடியிலே போகும் ஒலியை அடுத்த ஜோடி ஒட்டுக்கேளாமலும், வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இருகம்பியிலும் சமமாக ஏறி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளவும் அந்த முறுக்கே காவல். ப்ளக்கிலே இவற்றைச் செருகும் வரிசை வழக்கமாக இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. கவனித்தீர்களா? பச்சை ஜோடி பிரிந்து மூன்றாம் இடத்திலும் ஆறாம் இடத்திலும் நிற்கிறது. நடுவிலே நீலம் குடியிருக்கிறது. பார்ப்பதற்கு ஒழுங்கீனமாகத் தோன்றும். ஆகவே, ஒழுங்கை விரும்பும் ஒருவர் ஜோடி ஜோடியாக அடுக்கிவிடுகிறார்: ஆரஞ்சு இரண்டு, பச்சை இரண்டு, நீலம் இரண்டு, பழுப்பு இரண்டு. இரு முனையிலும் அப்படியே அடுக்கினால் டெஸ்டர் சரியென்றே சொல்லும். ஒன்று ஒன்றோடும், மூன்று மூன்றோடும் சேர்ந்துதானே இருக்கிறது! ஆனால் யந்திரமோ மூன்றையும் ஆறையும் ஒரு ஜோடியாக நினைத்துப் பேசுகிறது. மூன்றாவது பச்சை ஜோடியைச் சேர்ந்தது, ஆறாவது நீல ஜோடியைச் சேர்ந்தது. முறுக்கின் காவல் போயிற்று. குட்டைக் கம்பியாயின் எப்படியோ தப்பிவிடும். அறுபது மீட்டரிலே தள்ளாடும். விநாடிக்கு 1000 மெகாபிட் வேகமுள்ள புதுப் பெட்டியிலே அடியோடு விழுந்துவிடும். புதுப் பெட்டி வந்து நிலைமை மோசமானதன் மர்மம் இதுவே.

பையன் கடைசியிலே கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு பெட்டியின் பக்கத்துக்குப் போனான். அங்கே எல்லாம் நன்றாக நடந்தது. அன்றிரவு படிவங்களை அங்கேயே உட்கார்ந்து அனுப்பினார்கள். மறுநாள் கண்ணாடிபோன்ற ப்ளக்கின் ஊடே நிறங்களை எண்ணிப் பார்த்தான். இரு முனையையும் வெட்டி முறைப்படி கட்டினான். வேலை அரை மணி நேரந்தான். பிடித்த பணம் இரண்டு தவணையாகத் திரும்பியது. கம்பி இழுத்த கான்ட்ராக்டரை ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கம்பியைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் சொல்லவேண்டும். கடைத்தெருவிலே பாதி விலைக்குக் கிடைக்கும் கம்பியில் பல முழுச் செம்பு அல்ல. அலுமினியத்தின்மேல் செம்புப் பூச்சு. கத்தியாலே சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். சுருளைத் தூக்கினால் இலேசாயிருக்கும். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு. அலுமினியம் செம்பைப்போல மின்சாரத்தைக் கடத்தாது. இரண்டு முறை மடக்கினால் உள்ளுக்குள்ளேயே முறிந்துவிடும். முழுச் செம்பாயினும் நூறு மீட்டருக்குமேல் இழுக்கலாகாது என்பது விதி. சுவருக்குள் 90, இரு முனையிலும் தொங்கும் கம்பிகளுக்கு 10 என்று கணக்கு. ட்யூப்லைட் சோக்கின் மேலும், ஏ.ஸி. யந்திரத்தின் மின்கம்பியோடு ஒட்டியும் இழுப்பது இன்னொரு தவறு.

இணைப்பு அறாமல், வேகம் மட்டும் குறைவதும் உண்டு. 100 மெகாபிட் முறைக்கு ஆரஞ்சு, பச்சை என்ற இரண்டு ஜோடிகள் போதும். 1000 மெகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி முறிந்தால், சில யந்திரங்கள் சமயோசிதமாக 100-க்கு இறங்கி வேலையைத் தொடரும். சில விடாப்பிடியாக 1000-க்கே முயன்று, விளக்கு எரிந்தும் அணைந்தும் தவிக்கும். கம்ப்யூட்டரிலே இணைப்பின் வேகம் 100 என்று காட்டி, இரு பக்கமும் 1000-க்கு உரியவையாயின், கம்பியைச் சந்தேகிக்க அது போதிய காரணம்.

இதைவிட நுட்பமான நோய் ஒன்று உண்டு. இரண்டு யந்திரங்கள் இணையும்போது, எந்த வேகம், இருவரும் ஒரே சமயத்தில் பேசலாமா அல்லது ஒருவர் பேச மற்றவர் கேட்கவேண்டுமா என்று தாமே உடன்படிக்கை செய்துகொள்கின்றன. எவரோ அதிகப்படி அக்கறையோடு ஒரு பக்கத்திலே மட்டும், 100, இருவரும் பேசலாம் என்று கையாலே நிலைநிறுத்திவிட்டால், அந்தப் பக்கம் உடன்படிக்கைப் பேச்சை நிறுத்திக்கொள்ளும். மறுபக்கம் வேகத்தை மட்டும் ஊகித்து, மற்ற விஷயத்திலே, விதிப்படி, ஒருவர் பேச மற்றவர் கேட்கும் முறைக்கு இறங்கிவிடும். விளக்கு எரியும். சிறு செய்திகள் போகும். பெரிய கோப்பு ஒன்றை அனுப்பினால் நத்தையாக நகரும். வீட்டிலே ஒருவர் மற்றவர் பேச்சை முடிக்கக் காத்திருக்க, மற்றவர் நிறுத்தாமலே பேசினால் என்ன ஆகுமோ, அதுதான். இரு பக்கத்தையும் தாமே முடிவு செய்யும் நிலையில் விட்டுவிடுவது நலம்.

எல்லா விளக்குகளும் வெறிகொண்டதுபோல ஒரே வேகத்தில் துடித்து, எல்லாருக்கும் வேலை நின்றுவிட்டால் அது வேறு கதை. யாரோ பெருக்குகிறவர் தரையிலே கிடந்த கம்பி முனையைக் கண்டு, பாவம், நல்லெண்ணத்தோடு காலியான வாயிலே செருகியிருப்பார். அதன் மறுமுனை அதே பெட்டியிலே ஏற்கெனவே செருகியிருக்கும். எல்லாருக்கும் என்று அனுப்பப்பட்ட செய்தி அந்த வட்டத்திலே சுற்றிச் சுற்றிப் பெருகிக்கொண்டே போகும். இத்தனை சுற்றுக்குப்பின் அழிந்துபோ என்ற கட்டளை ஈதர்நெட்டிலே கிடையாது. இதைத் தடுக்கும் உபாயத்தை ரேடியா பெர்ல்மன் என்ற அம்மையார் 1985-இலே வகுத்துக் கொடுத்தார். ஆயினும் மலிவான சிறு பெட்டிகளில் பெரும்பாலும் அந்த உபாயம் இராது. ஒவ்வொரு கம்பியாகப் பிடுங்கிப் பார்த்து, எதைப் பிடுங்கினபோது விளக்குகள் அமைதியடைகின்றனவோ அதைப் பிடித்துக்கொள்ளவேண்டும். ஒவ்வொரு கம்பியின் இரு முனையிலும் பெயர்ச் சீட்டு ஒட்டியிருந்தால் இந்தக் கஷ்டமே இல்லை. பிடுங்குமுன் எது எங்கே இருந்தது என்று கைபேசியிலே ஒரு படம் எடுத்துக்கொள்வதும் நன்று.

காமிராக்களுக்குக் கம்பியின் வழியாகவே மின்சாரமும் ஊட்டும் ஸ்விட்ச்சுகளிலே, பகலெல்லாம் நன்றாயிருந்து பொழுது சாய்ந்ததும் காமிராக்கள் அணைந்துபோகும் விந்தையைக் காணலாம். இருட்டியவுடன் காமிரா தன் இருட்டுப் பார்வை விளக்குகளை ஏற்றுகிறது. மின்சாரச் செலவு கூடுகிறது. 2003-ஆம் ஆண்டு விதிப்படி ஒரு வாய் 15.4 வாட் வரை கொடுக்கும்; ஆனால் எல்லா வாய்களும் ஒருங்கே கேட்டால் கொடுக்கப் பெட்டியின் மொத்தக் கையிருப்புப் போதாது. கூட்டிப் பார்த்தால் விடை கிடைக்கும்.

வெயிலும் மழையும் ஊருக்கு ஊர் வேறு விதமாகத் தாக்குகின்றன. சிறு ஸ்விட்ச்சுகளில் பல, 40 டிகிரி வெப்பம் வரைக்குமே என்று அச்சிட்டு வருகின்றன. தில்லியிலே மே மாதத்து நிழலே அதைத் தாண்டும் நாட்கள் உண்டு. மூடிய பரணுக்குள் கேட்கவேண்டியதில்லை. மத்தியானம் மட்டும் இணைப்புப் போகிறது என்று எவராவது சொன்னால், பெட்டியின்மேல் கை வைத்துப் பாருங்கள். மும்பையிலே கடற்காற்று ப்ளக்கின் ஊசிகளைப் பாசி பிடிக்கச் செய்யும்.

இடி மின்னல்தான் பெட்டியின் உண்மையான எமன். இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே வெட்டவெளியிலே செம்புக் கம்பியைத் தொங்கவிடுவது நம்மவரிடையே மிகுந்த பழக்கம். மின்னல் பக்கத்திலே விழுந்தாலும் போதும். அந்தக் கம்பியிலே மின்னழுத்தம் பாய்ந்து உள்ளே வந்துவிடும். இரு கட்டிடங்களின் எர்த்தும் ஒரே நிலையில் இராமையால் மின்னல் இல்லாத நாளிலும் தொல்லைதான். அங்கே கண்ணாடி இழைக் கம்பியே தகும். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. அந்த இழையின் முனையிலே தூசி ஒரு துளி இருந்தாலும் ஒளி மங்கும். அதற்கென்று விற்கும் துடைப்பானால் துடைக்கவேண்டும். வேட்டி முனையால் அன்று. ஒரு பக்கம் அனுப்பும் இழை மறுபக்கம் வாங்கும் துளைக்குப் போகவேண்டும். மாற்றிச் செருகியிருந்தால் விளக்கு எரியாது. ஒளி வருகிறதா என்று முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்கலாகாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, கண்ணைக் கெடுக்கவல்லது.

மின்னலடித்த மறுநாள் பெட்டியிலே சில வாய்கள் மட்டும் ஊமையாயிருந்தால், அவை எண் வரிசையிலே அடுத்தடுத்து இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் நான்கு வாய்களுக்கோ எட்டு வாய்களுக்கோ ஒரு சில்லு என்று உள்ளே அமைத்திருப்பார்கள். சில்லு கருகினால் அந்தத் தொகுதி முழுவதும் போகும். நல்ல குட்டைக் கம்பி, நல்ல கம்ப்யூட்டர், பெட்டியை ஒரு முறை அணைத்து ஏற்றல், இம்மூன்றுக்கும் பிறகும் அந்த வாய்கள் பேசவில்லையானால், அப்பொழுது சொல்லலாம் ஸ்விட்ச் போய்விட்டது என்று. மற்ற வாய்கள் நன்றாயிருந்தாலும் அவற்றை நம்பி நெடுநாள் ஓட்டவேண்டாம். புதுப் பெட்டிக்குச் சொல்லிவிட்டு, செத்த வாய்களின்மேல் ஒரு டேப்பை ஒட்டி, அதன்மேல் தேதியைப் போட்டுவையுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு இன்னொருவர் அதே வாயிலே கம்பியைச் செருகிவிட்டு உங்களுக்கு டெலிபோன் செய்வார்.